தோளில் பதிந்த கரி

“ஊதினா பறக்குதுண்ணே” என்றான் பாண்டித்துரை.

“ஊதாதே.”

“ஒருவாட்டிதான் ஊதுனேன். சுண்டுவெரலைக் காணோம்.”

பாலகுரு அவன் கையிலிருந்து ஸ்வெட்டரை வாங்கி மேசைமேல் விரித்தார். வெளிர் மஞ்சள் நிறக் கம்பளி. இடது தோளின் மேல், முதுகுப் பக்கமாக விரல்கள் சரிந்து கிடக்க, கரியில் பதிந்த ஒரு கை. நான்கு விரல்களாக இருந்தது இப்போது மூன்றேகாலாகிவிட்டது.

சவுதியின் அல் கோபாரில் இருபது வில்லாக்கள் கொண்ட அந்தக் காம்பவுண்டின் அலுவலக அறை அது. எதிரே உட்கார்ந்திருந்தவர் காம்பவுண்ட் மேனேஜர் செய்கு அலாவுதீன். காயல்பட்டினத்துக்காரர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்த கையோடு பாலகுருவைத் தம்மாமிலிருந்து வரவழைத்திருந்தார்.

துப்பறிவது பாலகுருவின் தொழில் அல்ல. தீப்பிடித்த கிடங்குகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுவதுதான் தொழில். ஆனால் அந்தப் பக்கத்துத் தமிழர்கள் மத்தியில் ஒரு பொருள் காணாமல் போனாலோ, ஒருவர் மேல் பழி விழுந்தாலோ, போலீசுக்குப் போகும் முன் அவருக்குத்தான் போன் போகும். அவர் அதிகம் பேசமாட்டார். அவர் பேசாததையும் சேர்த்துப் பேசுவதற்கு, பரமக்குடியிலிருந்து வந்த டிரைவர் பாண்டித்துரை கூடவே இருந்தான்.

“சொல்லுங்க பாய்” என்றார் பாலகுரு.

“வெயில் காலம் பூரா புறா கூடு கட்டிடும் சார். குளிர் வரதுக்கு முன்னாடி எல்லா வில்லாவுலயும் சிம்னி கிளீன் பண்ணிடுவோம். பண்ணாம நெருப்பு மூட்டினா புகை வீட்டுக்குள்ளயே திரும்பிடும். முந்தாநாள் சேதுபதின்னு நம்ம ஆளு ஏழாம் நம்பருக்குப் போனான். சாயங்காலம் அந்த வீட்டு ஸ்ரீனிவாசன் ஜுபைல் டியூட்டி முடிஞ்சு வந்து பாத்தா, வீட்டம்மா தோள்ல இது.”

“உடனே கம்ப்ளெயிண்ட்?”

“அன்னிக்கே. எங்க கஃபீலுக்கு, அதான் ஸ்பான்சர் அரபிக்கு, இந்த மாதிரி விஷயத்துல ரெண்டாவது பேச்சு கிடையாது. கலாஸ், முடிஞ்சுதுன்னுட்டார். இன்னிக்கு ராத்திரி ஃபிளைட். ஃபைனல் எக்சிட், இனி திரும்பி வர முடியாது.” அலாவுதீன் நெற்றியைத் தேய்த்தார். “அவன் நல்லவன் சார். ஆனா நான் சொன்னா போதுமா?”

“அந்தம்மா என்ன சொல்றாங்க?”

“வாயே தொறக்கல.”

“அவன்?”

“‘சிம்னி கிளீன் பண்ணேன், அவ்வளவுதான் தெரியும்’ங்கறான். அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அவன் பண்ணேன்கறான், அந்தம்மாவும் வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கு. கரி அங்கேருந்துதானே வந்திருக்கும்? அதான் சிக்கல்.”

பாலகுரு ஸ்வெட்டரை மறுபடியும் பார்த்தார். ஒரு பெண்ணின் எதிரே நின்று, அவள் தோளில் ஒருவன் கை வைத்தால்தான் விரல்கள் இப்படி முதுகுப் பக்கம் விழும். பிடித்து இழுத்த கை அல்ல. அழுத்தமே இல்லை. வைத்துவிட்டு எடுத்த கை. அதுதான் அவருக்கு உறுத்தியது. முரட்டுத்தனத்தைக் கண்டு ஒரு கணவனுக்குக் கோபம் வரும். இந்த மென்மையைக் கண்டால் தூக்கம் போய்விடும்.

சேதுபதி கேட் அருகே செக்யூரிட்டி அறையில் இருந்தான். நாற்பது வயது இருக்கும். கயிறு கட்டிய பெட்டி ஒரு பக்கம். ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டிய நீளக் கம்பு பிரஷ் மறுபக்கம், முள்ளம்பன்றியைக் குத்தி நிறுத்தியதுபோல.

“ஊருக்குப் போறதப் பத்திக் கவலை இல்லண்ணே” என்றான். “எப்பயாச்சும் போகத்தானே வேணும். ஆனா பொம்பளை விஷயத்துல ஏத்தி அனுப்பிட்டாய்ங்கன்னு சிவகங்கைக்குள்ள போய் நிக்க முடியுமா? எம் பொஞ்சாதி ஒண்ணும் கேக்க மாட்டா. கேக்காம இருப்பா பாருங்க, அதத்தான் தாங்க முடியாது.”

பாலகுரு எதுவும் சொல்லாமல் பிரஷ்ஷைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மௌனம் சில நேரம் எதிராளியை நடுங்க வைக்கும். பாண்டித்துரை அந்த இடத்தில் புகுந்தான்.

“சரி அத விடப்பா. எனக்கு ஒரு டவுட்டு. சிம்னிய எப்படிக் கிளீன் பண்ணுவீக? நாளைக்கு எனக்கும் ஒரு தொழில் வேணும்ல?”

“அது என்னண்ணே பெரிய வித்தை. கொதிக்கக் கொதிக்க வெந்நி. அதுல சோப்புப் பவுடரு, கொஞ்சம் சோடா உப்பு. சல்லடையக் கழட்டி அதுக்குள்ள ஊறப்போட்டா பிசுக்கெல்லாம் எண்ணெயா மெதந்து வரும். அப்புறம் தேச்சு...”

பாலகுருவின் தலை நிமிர்ந்தது.

“எதை ஊறப்போட்டே?”

“சல்லடையத்தான் சார். அடுப்புக்கு மேல தொங்குதுல்ல, சிம்னி. அதோட சல்லடைய.”

பாலகுரு சுவரோரம் கையைக் காட்டினார்.

“அப்ப இந்த பிரஷ்?”

“பிரஷ்ஷோடதான் போனேன். அந்தக்கா பாத்துட்டு ஒரே சிரிப்பு. ‘இந்த ஒட்டடைக் கம்ப வச்சு என் சிம்னிய என்னண்ணே செய்யப் போறீக’ன்னு நேரா அடுப்படிக்குக் கூட்டிப் போயிருச்சு. நம்மூருப் பொம்பளைகளுக்குச் சிம்னின்னா அதுதான சார். மேடம் காட்டுறதுதான் வேலைன்னு நானும் செஞ்சு குடுத்துட்டு வந்துட்டேன்.”

“ஹால்ல சுவத்துக்குள்ள இருக்கே, நெருப்பு மூட்டுறது?”

“அதுக்குள்ள அவுக செடி வச்சிருக்காக. நான் கிட்டப் போகவே இல்லையே.”

“யோவ்!” என்று பாண்டித்துரை எழுந்தேவிட்டான். “இத ஏய்யா ரெண்டு நாளா சொல்லல?”

“‘சிம்னி கிளீன் பண்ணியா’ன்னு கேட்டாய்ங்க. ஆமான்னேன். எந்தச் சிம்னின்னு எவன் கேட்டான்?”

வாசலில் நின்றிருந்த அலாவுதீன் தலையில் கை வைத்துக்கொண்டார். “அல்லாவே! ஆனா சார், வேற வீட்டுக் கரி கையில இருந்திருந்தா?”

“அன்னிக்கு எனக்கு மொத வீடே ஏழாம் நம்பருதான் பாய். சீட்டைப் பாருங்க” என்றான் சேதுபதி.

பாண்டித்துரை விரலை மடக்கினான். “அடுப்படிச் சிம்னியில தொட்டா எண்ணெப் பிசுக்குத்தான் ஒட்டும். பிசாசு மாதிரி அப்பிக்கும். ஊதினா பறக்குமா? பறக்காது. பறந்துச்சு. நான்தான் ஊதுனேன். அண்ணே, அந்த சுண்டுவெரல் வீணாப் போகல!”

“ம்” என்றார் பாலகுரு. “இவன் கை இல்லை. ஆனா கை ஒண்ணு இருக்கு.”

ஏழாம் நம்பருக்கு நடக்கும்போது அவர் திருச்சிக்குப் போன் போட்டார். மனைவி தாமரை வேறு அழைப்பில் இருந்தாள். நேற்றும் இதே நேரத்தில் வேறு அழைப்பில்தான் இருந்தாள். அதேசமயம் பாண்டித்துரையின் போன் அலறியது. எடுத்ததும் அவன் மனைவியின் குரல் தெருவுக்கே கேட்டது. “வெள்ளிக்கிழமையும் போன் பண்ண நேரமில்லையா? அங்க எவளுக்குய்யா வண்டி ஓட்டுற?”

“ஒரு கொலைகார மனுசனுக்கு ஓட்டுறேன். பேசவே மாட்டாரு, முறைச்சே கொல்லுவாரு” என்று சிரித்துக்கொண்டே வைத்தான் அவன்.

பாலகுரு தன் போனைச் சட்டைப்பையில் போட்டார். திட்டு வாங்குகிறவன் மேல்கூடப் பொறாமை வரும் என்று இந்த ஊருக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்த ஸ்ரீனிவாசன் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். பெட்ரோகெமிக்கல் கம்பெனியில் சீனியர் இன்ஜினியர், சென்னை. ஹாலில் சோபாமேல் தலையணையும் போர்வையும். அதில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள் பிருந்தா, அவர் மனைவி. அவள் பார்வை நேர் எதிரே சுவரில் இருந்த கணப்பின் மேல். அதற்குள் ஒரு தொட்டியில் மணிபிளான்ட் செழித்துப் படர்ந்திருந்தது. வந்தவர்களை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

“ரெண்டு நாளா இப்படித்தான்” என்று தாழ்ந்த குரலில் சொல்லி, ஸ்ரீனிவாசன் பாலகுருவைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் அழைத்துப்போனார். “எழுந்திருக்கறதே இல்ல. அங்கேயே தூங்கறா.”

“நீங்க என்ன கேட்டீங்க அவங்ககிட்ட?”

“ஸ்வெட்டரைக் காட்டி, இது யார் கைன்னு கேட்டேன். கேக்கக்கூடாதா?”

“அதுக்கு முன்னாடியே சந்தேகம் உண்டா?”

ஸ்ரீனிவாசன் கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டினார்.

“சார், உங்களுக்குச் சின்ன விஷயமாத் தெரியும். அந்த சேதுபதி ஏசி சர்வீசுக்கு வருவான், பைப் பார்க்க வருவான். இவ தேவகோட்டை. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு, என்கிட்ட ‘அவ்வளவு’ன்னுதான் பேசுவா. அவன் வந்தா ‘அம்புட்டு’ங்கறா. ‘வாங்கண்ணே, உக்காருங்கண்ணே’ன்னு குரலே மாறிடுது. சிரிக்கறா. அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல. என் வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாத ஒரு பொம்பளை இருக்கா. அவளை அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

‘அண்ணே’ என்றுதானே கூப்பிடுகிறாள் என்று பாலகுரு சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை. பொறாமைக்குக் காது உண்டு. தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கிற காது.

அவர் எழுந்து கணப்பின் முன்னால் போய்க் குந்தினார். மணிபிளான்ட்டின் ஓர் இலையைத் திருப்பினார். மேல் இலைகளில் மட்டும், மிளகுப்பொடி தூவியது போல, கரி.

“பாண்டி, ஒரு பழைய பேப்பர்.”

“எதுக்கு சார்?” ஸ்ரீனிவாசன் வேகமாக வந்தார்.

“சிம்னி கிளீன் ஆயிருக்கான்னு பாக்கத்தான்.”

“நெருப்பெல்லாம் வேண்டாம் சார்! உள்ளே... அதாவது, புகை வரும்.”

“கிளீன் ஆயிருந்தா மேலதானே போகணும்?” என்றான் பாண்டித்துரை, தொட்டியை வெளியே இழுத்து வைத்துக்கொண்டே. “நீங்கதான கம்ப்ளெயிண்ட்டுல எழுதியிருக்கீக, சிம்னிய சுத்தம் பண்றேங்கிற சாக்குலன்னு?”

பாலகுரு தீக்குச்சியைக் கிழித்தார். பேப்பர் ஒரு நொடி நிமிர்ந்து எரிந்தது. பிறகு புகை மேலே போக மனமில்லாமல் சுருண்டு, கணப்பின் வாயைத் தாண்டி ஹாலுக்குள் நடந்து வந்தது. பிருந்தா முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள். இருமினாள். பாலகுரு பேப்பரை மிதித்து அணைத்தார்.

“இதை யாரும் தொடவே இல்லை. சேதுபதி கழுவினது உங்க கிச்சன் சிம்னியை. அம்மா, சரிதானே?”

பிருந்தா தலையை அசைத்தாள். ஸ்ரீனிவாசனின் முகத்தில் ஒரு குழப்பம் ஓடியது. “அப்ப... அவன் இதுக்குள்ள கையே விடலையா?”

அந்தக் கேள்வியில் நிம்மதி தெரிந்தது. பாலகுரு காத்திருந்ததும் அதற்குத்தான்.

“அவன் விடலை. ஆனா யாரோ விட்டிருக்காங்க. இலைமேல கரி உதிர்ந்திருக்கு. பாண்டி, மேலே ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதுக்குப் பின்னால ஒரு திட்டு. கையை விடு.”

“தேளு கீளு இருந்தா?”

“இருந்தா சொல்லு.”

“வேண்டாம்!” ஸ்ரீனிவாசன் அவன் தோளைப் பிடித்தார். ஆனால் பாண்டித்துரையின் கை முழங்கைவரை உள்ளே போயாகிவிட்டது. “அண்ணே, புறா முட்டை மாதிரி ஏதோ... இல்ல, சாக்ஸு. சாக்ஸுக்குள்ள...” வெளியே எடுத்து உதறினான். ஒரு பழைய செல்போன். செத்துக் கிடந்தது.

பாண்டித்துரை தன் கறுத்த கையைப் பார்த்தான், பிறகு ஸ்ரீனிவாசனின் சட்டைத் தோளைப் பார்த்தான், பிறகு எதையும் தொடாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாலகுரு போனைச் சார்ஜரில் போட்டார்.

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீக?” என்று பாண்டித்துரை காதருகே கிசுகிசுத்தான்.

போன லீவில் திருச்சி வீட்டு ஹாலில், திருட்டுப் பயம் என்று சொல்லித் தன் கையாலேயே பொருத்திவிட்டு வந்த சின்னக் காமிரா பாலகுருவுக்கு நினைவு வந்தது. எங்கே வைத்தால் தெரியாது என்று அன்றைக்கு அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்த கண்ணால்தான் இன்றைக்கு இந்த ஹாலையும் அவர் பார்த்திருந்தார்.

போன் உயிர் பெற்றதும் புதன்கிழமை விடியற்காலை ஒலிப்பதிவைத் தொட்டார்.

கரகரவென்று உரசும் சத்தம். ஓர் அடக்கிய இருமல். காலடிகள் விலகின. பிறகு தூரத்திலிருந்து, கொஞ்சம் மங்கலாக, ஸ்ரீனிவாசனின் குரல்: “கிளம்பறேன். பஸ் வந்துடும்.”

“டிபன் பாக்ஸ் எடுத்துட்டீங்களா?” பிருந்தாவின் குரல்.

“ம்.”

சிறிது அமைதி.

“என்ன?” என்றாள் பதிவில் பிருந்தா.

“ஒண்ணுமில்ல.”

“தோள்லயெல்லாம் கை வைக்கறீங்க? உடம்பு சரியில்லையா?”

“சும்மாதான். வரேன்.”

கதவு சாத்தும் சத்தம். அதன்பின், ஹாலில் தனியாக நின்ற ஒரு பெண் தனக்குள் மெதுவாகச் சிரித்துக்கொள்ளும் சத்தம். மிகச் சின்னச் சிரிப்பு. பிறகு வெறும் புறா.

பாலகுரு நிறுத்தினார்.

ஸ்ரீனிவாசன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். “இருட்டுல... கர்சீஃப்ல துடைச்சேனே” என்றார்.

“வேவு பாக்க வச்சிட்டு, மனசு கேக்காம தொட்டுட்டுப் போயிருக்கீங்க” என்றார் பாலகுரு. “சாயங்காலம் வந்து பாத்தா அது அடுத்தவன் கையாத் தெரிஞ்சிருக்கு. சிம்னி கிளீன் பண்ண ஆள் வந்தான்னு கேட்டதும் இன்னொரு பயம். போனை அவன் பாத்திருப்பானோ? இவங்க சோபாவை விட்டு எழுந்திருக்காததால உங்களால எடுத்துப் பாக்கவும் முடியல. அதான் ராத்திரிக்குள்ள ஃபிளைட் ஏத்தணும்னு அவசரம்.”

“அவன் எடுத்து அவகிட்ட காட்டியிருப்பான், ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சிருப்பாங்கன்னு...” ஸ்ரீனிவாசன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ரெண்டு நாளா அதத்தான் நெனச்சீங்களா?” பிருந்தா சோபாவிலிருந்து எழுந்தாள். “பொழுது ஏறினதும் நான் ஸ்வெட்டரைக் கழட்டிடுவேன். சேதுபதிண்ணே வந்தப்ப அது ஆணியில தொங்குச்சு, சாயங்காலம்தான் மறுபடி போட்டேன். ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாம். ஆனா ‘யார் கை’ன்னு கேட்டீங்க பாருங்க. அதுக்குப் பதில் சொன்னா, அப்படிக் கேட்டது சரின்னு ஆயிடும்.”

“பிருந்தா...”

“என்கிட்ட எதுவும் வேண்டாம். அந்த மனுசன் பெட்டியக் கட்டிட்டு உக்காந்திருக்காரு. போயி சொல்லிட்டு வாங்க.”

“என்னன்னு சொல்றது?”

“என்ன நடந்துச்சோ அத. அவருக்குப் புரியற மாதிரி.”

ஸ்ரீனிவாசன் அலாவுதீனுக்குப் போன் செய்து புகாரைத் திரும்பப் பெற்றார். அலாவுதீன் கஃபீலைப் பிடித்து, அரபியில் கெஞ்சி, சிரித்து, மீண்டும் கெஞ்சி முடித்தார். டிக்கெட் ரத்து. பிறகு ஸ்ரீனிவாசன் கேட்வரை நடந்தார். பாலகுருவும் பாண்டித்துரையும் பின்னால் சற்றுத் தள்ளிப் போனார்கள்.

சேதுபதி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டான். கோபப்படவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் வைத்தான்.

“சரிங்க சார். வேலைய பாக்குறேன்.”

“சிம்னி... அந்த ஹால் சிம்னி இன்னும் கிளீன் ஆகல” என்றார் ஸ்ரீனிவாசன் தட்டுத்தடுமாறி. இயல்பாக எதையாவது பேசிவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது. “நீங்களே வந்து செஞ்சு குடுத்தா...”

“உங்க வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் சார்.” சேதுபதி பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தான். “ஆனா கிளீன் பண்ணாம விடக்கூடாது, ஆபத்து. நீங்க செய்யுங்க. வெளிய உக்காந்து சொல்லித் தாரேன்.”

கொஞ்ச நேரத்தில் ஏழாம் நம்பர் வாசலில் காட்சி இப்படி இருந்தது: வெளிப்படிக்கட்டில் சேதுபதி. திறந்த கதவுக்கு உள்ளே, பழைய போர்வையைத் தரையில் விரித்து, சீனியர் இன்ஜினியர் ஸ்ரீனிவாசன் கணப்புக்குள் தலையையும் தோளையும் நுழைத்து மண்டியிட்டிருந்தார்.

“தகட்டை முழுசாத் தொறங்க சார்! மூக்குல துணி கட்டிக்கங்க! குத்தாதீக, சுத்துங்க. சுத்திக்கிட்டே மேல ஏத்துங்க!”

தொப்பென்று ஒரு புறாக்கூடு விழுந்தது. தொடர்ந்து கரி கொட்டியது. ஸ்ரீனிவாசன் இருமினார், ஆனால் நிறுத்தவில்லை.

“கல்யாண வீட்டுல மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிற மாதிரி இருக்குண்ணே” என்றான் பாண்டித்துரை.

பிருந்தா இரண்டு டம்ளரில் டீயோடு வந்தாள். கணப்பைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே போய்ப் படிக்கட்டில் ஒன்றைச் சேதுபதியிடம் நீட்டினாள். இன்னொன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள். மெதுவாக எதையோ கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். ஊர்ப் பேச்சு. வார்த்தை பிடிபடாமல், ஏற்ற இறக்கம் மட்டும் உள்ளே வந்தது. அவள் சிரித்தாளா, அழுதாளா என்று பாலகுரு நின்ற இடத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

கணப்புக்குள் பிரஷ் சத்தம் நின்றது.

“முடிச்சிட்டாரா?” என்றான் பாண்டித்துரை.

பாலகுரு கரி படிந்த அந்த முதுகைப் பார்த்தார். அது மூச்சை அடக்கியபடி அசையாமல் இருந்தது.

“இல்ல. கேட்டுக்கிட்டிருக்காரு.”